அக்கா மறைத்ததாகச் சொல்லப்பட்ட மாத்திரை

என் அக்காவுக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது. டாக்டர் "என்ன பண்ணுது?" என்று கேட்டால், வலி எந்தக் கிழமை வந்தது, அன்றைக்கு என்ன சமையல், பக்கத்து வீட்டம்மா பெருங்காயம் கரைத்துக் குடிக்கச் சொன்னது, குடித்தது, அதற்கும் கேட்காதது எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். திருச்சியில் புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்த அன்றும் அப்படித்தான். பத்து வருஷமாகத் தைராய்டுக்கு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள் என்பதை நான்கு பேரிடம் நான்கு முறை சொன்னாள். நான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

பித்தப்பையில் கற்கள். ஸ்கேன் படத்தில் அவை புளியங்கொட்டைகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஆபரேஷன் செய்து பையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எனக்குப் பெரிய பதற்றம் ஏதும் இல்லை. அக்காவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தது. மூன்று வருஷமாக ஒரு தவணை தவறாமல் நான்தான் கட்டிவந்தேன். பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தபோது, வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது முன்கூட்டியே யோசித்துச் செய்திருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் மாடிப் போர்ஷன். கணவர் இறந்த பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். அவளுடைய மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிந்தாமணியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன். எங்கள் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அவர் இருந்தவரை உடம்புக்கு என்ன வந்தாலும் ரயில்வே ஆஸ்பத்திரி. வியாதிக்கு முன்கூட்டியே பணம் கட்டிவைக்க வேண்டும் என்கிற விஷயமே எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே இருவருக்கும் வயதாகிவிட்டது.

அந்தப் பாலிசியை எங்களுக்கு விற்ற ஏஜென்ட், எங்கள் அச்சகத்தில் காலண்டர் அடிக்க வந்தவர். மரியாதையான மனிதர். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே தன்னுடைய போனில் படிவத்தை நிரப்பினார். காகிதமே கிடையாது. கடைசியில், "உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் சார், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். கையெழுத்துப் போட்டதற்கு அதுதான் சமம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து நாற்பது பக்கப் பாலிசி மின்னஞ்சலில் வந்தது. திறந்து பார்த்தேன். அக்கா பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. உடனே ஏஜென்டுக்குப் போன் செய்து அதை மாற்றச் சொன்னேன். மாற்றி வந்ததும் திருப்தியாக மூடி வைத்துவிட்டேன். மற்றவர்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இன்சூரன்ஸுக்கென்று ஒரு கண்ணாடி அறை. அங்கே ஒரு பெண் இருந்தாள். அட்டையையும் ஆதாரையும் வாங்கிக்கொண்டு, "அப்ரூவல் வந்துடும் சார், மேக்சிமம் நாலு மணி நேரம்" என்றாள். நாலு மணி நேரம் கழித்துப் போனேன். "கொயரி வந்திருக்கு சார்" என்றாள். தைராய்டு எத்தனை வருஷமாக இருக்கிறது, முதலில் பார்த்த டாக்டரின் சீட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"பித்தப்பையில கல்லுக்கும் தைராய்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன்.

"அதை அவங்கதான் சொல்லணும் சார். நாங்க டாக்குமென்ட் அனுப்பத்தான் முடியும்."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போய், பீரோவைக் குடைந்து, பத்து வருஷத்துக்கு முந்தைய சீட்டைத் தேடி எடுத்தேன். அக்கா எதையும் தூக்கிப்போட மாட்டாள் என்பதால் அது கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்புறம் பல நாள் நினைத்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் மதியம் அந்தப் பெண் தானே மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு தாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன போட்டிருக்கான், படி" என்றாள். நான் தமிழில் சொன்னேன். பாலிசி எடுக்கும்போது காப்பீடுதாரர் தம் உடல்நிலை பற்றிய முக்கியமான உண்மையை மறைத்திருக்கிறார். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பாலிசியும் ரத்து செய்யப்படுகிறது. நடுவில் எதையாவது விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம், ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன்.

அக்கா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் எதைடா மறைச்சேன்?" என்றாள்.

அவசரம் இல்லை, ஊசியில் வீக்கம் அடங்கியிருக்கிறது, ஆனால் ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். இரண்டு நாள் இருந்ததற்குக் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டி நின்று நின்று போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவர்கிட்ட சொன்னேன்டா. நல்லா ஞாபகம் இருக்கு, சொன்னேன்."

மறுநாள் ஏஜென்டைத் தேடிப் போனேன். திருவானைக்காவலில் அவருக்கு வீடு. வாசலிலேயே நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தாளைப் படித்தார். முகம் சுருங்கிப்போனது.

"சார், நான் உங்களை ஏமாத்தணும்னு செய்யலை. தைராய்டுன்னு போட்டா டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க, பிரீமியம் ஏத்துவாங்க, ரெண்டு மாசம் இழுக்கும். உங்களுக்கு நல்லதாச்சேன்னுதான் எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டேன்."

"எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க 'ஆமா'ன்னு போடச் சொல்லுவீங்க."

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்பதற்காக எங்களைக் கேட்கவில்லையாம். இதைக் கம்பெனிக்கு ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்றேன். அதைச் செய்தால் தன் பிழைப்பு போய்விடும் என்றார். கோபத்தோடு போனவன், அவர் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்து கம்பெனியின் இலவச எண். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, பிறகு சங்கீதம். கடைசியில் ஒரு குரல் வரும். பாலிசி எண் கேட்கும், பிறந்த தேதி கேட்கும், நான் ஆதியிலிருந்து கதையைச் சொல்லுவேன், அந்தக் குரல் எனக்காக வருத்தப்படும், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் வரும் என்று சொல்லும். வராது. மறுபடி கூப்பிட்டால் வேறு குரல், மறுபடி ஆதியிலிருந்து. ஒருநாள், "பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் சார் பேச முடியும்" என்றார்கள். அக்காவிடம் கொடுத்தேன். அவள் பெருங்காயத்திலிருந்து ஆரம்பித்தாள். கதை ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் இணைப்பு போய்விட்டது. அவர்கள் துண்டித்தார்களா, தானாகப் போயிற்றா தெரியவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "என்னால இவனுங்களோட முடியலை" என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில், அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதே தனியார் ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகச் செய்யலாம் என்று அச்சகத்தில் ஒருவர் சொன்னார். அதற்கு ரேஷன் கார்டு வேண்டும், வருமானச் சான்று வேண்டும். அக்காவின் பெயர் மகனுடைய கார்டில் ஓசூரில் இருந்தது. அங்கே நீக்கி இங்கே என் கார்டில் சேர்க்க வேண்டும். நீக்க அவன் விண்ணப்பிக்க வேண்டும், அவன் போனுக்கு ஓடிபி வரும், அந்த நம்பரை அவன் மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது, புது நம்பரைச் சேர்க்க அவன் நேரில் போக வேண்டும், லீவு கிடைக்கவில்லை. இ-சேவை மையத்தில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து இவ்வளவையும் தெரிந்துகொண்டு வந்தேன். ஆறு வாரத்தில் மூன்று வாரம் போயிருந்தது. அக்கா ரசம் சாதமும் இட்லியும் தவிர வேறெதையும் தொடப் பயந்தாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அக்காதான். எனக்குத்தான் மனசு வரவில்லை. மூன்று வருஷம் பணம் கட்டியது அங்கே போகாமல் இருப்பதற்காகத்தானே என்று தோன்றியது. "கட்டினது போச்சு, வயிறு என்னோடது" என்றாள் அக்கா. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றோம்.

அங்கே நடந்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரிசை நீளம், பெஞ்சு போதாது, ரத்தப் பரிசோதனை ஓர் இடத்தில், ரிசல்ட் வேறிடத்தில், இரண்டுக்கும் நடுவில் அக்காவைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து எனக்கே கால் வலித்தது. இரண்டு தடவை தேதி கொடுத்து, இரண்டு தடவையும் விபத்துக் கேஸ்கள் வந்ததால் தள்ளிப்போனது. மூன்றாவது தேதிக்கு முன்தினம் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். கூடவே இருக்க எங்களுக்குப் பெண் துணை என்று யாரும் இல்லை. நான் வராந்தாவில் விழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகள், லால்குடிப் பக்கத்துக்காரி, வெளியே வந்து, "நீங்க போயிட்டு வாங்கண்ணே. எங்க அத்தையைப் பார்க்கிறப்ப உங்க அக்காவையும் பார்த்துக்கிறேன்" என்றாள். அவள் பெயரைக்கூட அப்போது நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான்கு சின்னத் துளைகள், அவ்வளவுதான். முடித்துவிட்டு வெளியே வந்து, கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார். பரிசோதனைக்குப் பையை அனுப்பியிருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். "இன்சூரன்ஸ்..." என்று நான் ஏதோ ஆரம்பித்தேன், ஒரு மாதமாக வாயில் வேறு பேச்சே இல்லாததால். "அதெல்லாம் இங்க வேண்டாம் சார். அம்மாவுக்கு சாயங்காலம் கஞ்சி குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த வராந்தாவில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, யார் மேல் என்று தெரியாத ஒரு கோபத்தோடு கொஞ்ச நேரம் அழுதேன்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா நினைக்கவில்லை. தையல் ஆறிய பிறகு ஒருநாள், "அந்தக் கடிதாசுக்குப் பதில் போட்டியா?" என்றாள்.

"இனிமே எதுக்கு? ஆபரேஷன்தான் ஆயிடுச்சே."

"நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கான். அது அப்படியே இருக்கா?"

அந்தத் தாள் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறது, அதை யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். படிக்கிறார்களோ இல்லையோ, எழுதியிருக்கிறது அல்லவா என்றாள். நான் முப்பது வருஷமாகச் செய்கிற வேலையே அந்த ஒரு நம்பிக்கையில்தான் நடக்கிறது என்பதால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கச் சென்னையில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். பழைய தாளையே தேதி மாற்றி அனுப்பினார்கள். பிறகு அலுவலகத்துக்கு எழுதினோம். தனியார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய், தைராய்டுக்கும் இந்த ஆபரேஷனுக்கும் நேரடியான தொடர்பு இல்லை என்று ஒரு கடிதம் கேட்டேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு மாதங்கள் போயின. மறந்தே போயிருந்தபோது, வீடியோவில் விசாரணை என்று ஒரு நாள் குறித்துத் தகவல் வந்தது.

அன்று அச்சகத்துக்கு லீவு போட்டேன். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்தோம். திரையில் விசாரிக்கிற அம்மாளும், கம்பெனி சார்பில் ஓர் இளைஞரும். நான் எழுதிவைத்திருந்த நான்கு பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள், "நீங்க இருங்க, அவங்க பேசட்டும்" என்றார். அக்காவிடம், "மாத்திரை சாப்பிடுறதை ஏஜென்ட்கிட்ட சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார்.

"சொன்னேங்க. டப்பாவையே எடுத்துட்டு வந்து காட்டினேன். அவரு அதை வாங்கிப் பார்த்துட்டு, எங்க வீட்டுலயும் இதே மாத்திரைதாம்மா சாப்பிடுறாங்கன்னாரு. எத்தனை பவர்னு கேட்டாரு. அவங்களுக்கு நம்மளைவிடக் கம்மி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நடந்ததுதான். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். இத்தனை மாதம் யாருக்கும் அந்த இடம்வரை கேட்கப் பொறுமை இல்லாமல் போயிருந்தது, என்னையும் சேர்த்துத்தான். அவள் ஆரம்பித்தாலே, "அதெல்லாம் வேண்டாம்க்கா, விஷயத்துக்கு வா" என்று வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

விசாரிக்கிற அம்மாள் கம்பெனி இளைஞரிடம், படிவம் யாருடைய போனிலிருந்து நிரப்பப்பட்டது என்று கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டி, ஏஜென்டின் போனிலிருந்துதான் என்று ஒப்புக்கொண்டார். ஓடிபி கொடுத்தது யார் என்று கேட்டதற்கு நான் கை தூக்கினேன். "படிச்சுட்டுக் கொடுத்திருக்கணும் சார்" என்றார் அந்த அம்மாள். "ஆமாங்க" என்றேன்.

உத்தரவு தபாலில் வந்தது. காப்பீடுதாரர் வேண்டுமென்றே மறைத்ததாகக் கருத முடியாது என்று இருந்தது. பாலிசியை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும், இரண்டு நாள் செலவைக் கொடுக்க வேண்டும், தைராய்டைக் கணக்கில் எடுத்து இனிமேல் பிரீமியத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஏஜென்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வேண்டுமென்றே மறைக்கவில்லை என்கிற வரியை மட்டும் அக்கா இரண்டு தடவை தமிழில் சொல்லச் சொன்னாள். பிறகு அதைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னாள். அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். "இவ்வளவு தூரம் அலைஞ்சதுக்கு ஒரு விரலா?" என்று அன்று முழுக்க அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கென்று பாலிசி இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று போன மாதம் ஒரு படிவத்தைக் காகிதத்திலேயே கேட்டு வாங்கினேன். ஏஜென்ட் யாரும் இல்லாமல் நானே உட்கார்ந்து எழுதினேன். ரத்த அழுத்தம் உண்டா என்று ஒரு கேள்வி. இதுவரை பார்த்ததே இல்லை. தெரியாமல் 'இல்லை' என்று எழுத இனி மனம் வராது. தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார், அவிழ்த்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எப்பலேர்ந்து சார் பிரஷர் இருக்கு?"

"இப்பதாங்க தெரியும்."

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். படிவத்தில் 'ஆம்' என்று எழுதி, பக்கத்திலேயே தேதியும் போட்டேன். அது சம்பந்தமாக எந்தச் சிகிச்சைக்கும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்று கம்பெனி பதில் எழுதியது. கூடவே ஈசிஜி, எக்கோ, சிறுநீர்ப் பரிசோதனை, கடந்த ஐந்து வருஷத்தில் பார்த்த டாக்டர்களின் சீட்டுகள் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கடந்த ஐந்து வருஷத்தில் நான் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி காட்டுவது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.